வெற்றிச்செல்வி இன்ஜின் மாற்றிய அம்பாசிடர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், தகரம் வேய்ந்த ஒரு ஷெட் இருக்கிறது. வாசலில் எந்நேரமும் இரண்டு மூன்று லோடு ஆட்டோக்கள் நிற்கும். 'வெற்றி ஆட்டோ ஒர்க்ஸ்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் வெற்றிவேல் என்றோ வெற்றிவேந்தன் என்றோ ஓர் ஆளை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். வண்டிக்கு அடியிலிருந்து வெற்றிச்செல்வி எழுந்து வந்து, கையைத் துணியில் துடைத்தபடி என்ன கோளாறு என்று கேட்பாள். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்பார்கள். வந்தாச்சுங்க, சொல்லுங்க என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமோ சிரிப்போ இருக்காது. தினமும் சொல்லிப் பழகிப்போன பதில் அது.

அவள் பிறந்தது எறையூரில். அப்பா பாவாடை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனவர். அவருக்கு முந்திய தலைமுறையில் சொந்த நிலம் என்று ஒரு குழி வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை. அரவைக் காலத்தில் ஆலை வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நீள வரிசையில் காத்து நிற்கும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற வெற்றிச்செல்வி, அந்த வரிசையில் எந்த டிராக்டராவது மூடியைத் திறந்துபோட்டு நின்றால் அங்கேயே நின்றுவிடுவாள். பசியோடு வந்து தேடுகிற அப்பா, சோத்து வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளைக் கண்டு திட்டுவார். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவு எடுத்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் திருச்சியில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் வேலை கிடைத்தது. ஸ்பேனர் பிடிக்கலாம் என்று போனவளை முன்வாசல் மேஜையில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பிறகு அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் பழுது பார்க்கிற அமாவாசை என்பவரின் ஷெட்டில் சேர்ந்தாள். அவருக்குப் பொறுமை கிடையாது; கியர்பாக்ஸைப் பிரித்தால் திரும்பப் பூட்டுவதற்குள் பத்துப் பேரைத் திட்டிவிடுவார். அந்த வேலையை இந்தப் பெண் வாய் திறக்காமல் செய்கிறாள் என்று கண்டதும் கியர்பாக்ஸ் எது வந்தாலும் அவள் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே லாரி கொண்டுவந்த டிரைவர் வீரமணியைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். கொஞ்ச காலம் கழித்துப் பெரம்பலூரில் சொந்தமாக ஷெட் போட்டாள்.

அந்த அம்பாசிடர் அவள் ஷெட்டுக்கு வந்தது தற்செயலாகத்தான். ஒரு காலை நேரம், எதிர்ச்சாரியில் வெள்ளை நிறப் பழைய அம்பாசிடர் ஒன்று நீலப் புகை விட்டபடி வந்து நடுரோட்டில் நின்றுபோனது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்த பெண் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கியர் கம்பியை இழுக்கிறாள், தள்ளுகிறாள், அது அசைவதாக இல்லை. வெற்றிச்செல்வி ஓடிப்போய் பானட்டைத் தூக்கி, உள்ளே சிக்கிக்கொண்டிருந்த கியர் இணைப்புக் கம்பியைக் கையால் நெம்பி விடுவித்தாள். வண்டியைத் தள்ளி ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஓட்டி வந்தவள் ஜெயசுதா. உடையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பின்சீட்டில் ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா முத்துசாமி. முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். பைக்கில் போகும்போது விழுந்து இடுப்பு மூட்டு நொறுங்கி, ஆபரேஷன் செய்து, உயிர் பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது. ஆனால் அந்த மூட்டு மடங்குவதில்லை. வாரம் ஒருமுறை பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

புதுக் கார் ஏன் வாங்கவில்லை என்று வெற்றிச்செல்வி கேட்டாள். பார்க்காத கார் இல்லை என்றாள் ஜெயசுதா. எல்லாவற்றிலும் சீட் தாழ்வு, கதவு குறுகல். குனிந்து, மடங்கி, உள்ளே நுழைய வேண்டும். அப்பாவால் அது முடியாது. உயரமான பெரிய வண்டிகளிலோ காலைத் தூக்கி ஏற முடியவில்லை. இந்த அம்பாசிடரின் பின்சீட்டு ஒன்றுதான் நாற்காலி உயரத்தில் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து, காலை நீட்டி, திரும்பிக்கொண்டால் போதும். ஆனால் இன்ஜின் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது. கியரோ நினைத்த நேரத்தில் சிக்கிக்கொள்கிறது. போன மாதம் ஜெயங்கொண்டம் சாலையில் வெயிலில் அப்பாவை வைத்துக்கொண்டு பாதிப் பகல் நின்றிருக்கிறாள்.

வெற்றிச்செல்வி காரைச் சுற்றி வந்தாள். கீழே படுத்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தாள். துரு பிடிக்கவில்லை, கூடு கெட்டியாக இருந்தது. எழுந்து வந்து, பழைய இன்ஜினை இனி எவ்வளவு பார்த்தாலும் நிலைக்காது, இதே கம்பெனி பின்னால் விட்ட அம்பாசிடர்களில் ஜப்பான் டிசைனில் ஒரு புது இன்ஜினும், தரையில் கம்பி வைத்த ஐந்து கியர் பெட்டியும் வந்தன, அதை இதில் ஏற்றலாம் என்றாள்.

முத்துசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"எறையூருங்க."

"எறையூர்ல எங்க?"

அவர் என்ன கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். "காலனித் தெருங்கய்யா. அப்பா கரும்பு வெட்டுறவரு" என்று சொல்லிவிட்டு, நெம்பி விட்ட கம்பிக்கு கிரீஸ் வைக்க ஆரம்பித்தாள். ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டாள். முத்துசாமி, இது மாதிரி வேலை முன்னால் செய்திருக்கிறாயா என்று கேட்டார்.

"லாரி கியர்பாக்ஸ் நெறைய எறக்கி ஏத்திருக்கேங்க. காருக்கு இன்ஜின் மாத்தினதில்ல. ஆனா செய்ய முடியும்னு தெரியுது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருவேன்."

அந்தப் பதில்தான் ஜெயசுதாவுக்குப் பிடித்துப்போனது என்று அவள் பிறகு சொன்னாள். அதற்கு முன் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் எதைக் கேட்டாலும் 'பண்ணிரலாம்' என்றுதான் சொன்னார்கள்.

வேலை உடனே தொடங்கிவிடவில்லை. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன் என்று வெற்றிச்செல்வி சொல்லிவிட்டாள். அடுத்து இன்ஜின் தேட வேண்டும். வீரமணி லாரி ஓட்டிப் போகிற ஊர்களிலெல்லாம் விசாரித்தான். கடைசியில் திருச்சியில் ஒரு டாக்ஸிக்காரரிடம், உடம்பெல்லாம் துருவேறி இன்ஜின் மட்டும் நன்றாக இருந்த பிந்திய மாடல் அம்பாசிடர் ஒன்று கிடைத்தது. வெற்றிச்செல்வி நேரில் போய் ஓட்டிப் பார்த்து, எண்ணெயைத் தொட்டு முகர்ந்து, கம்ப்ரெஷன் அளந்து பார்த்து, தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஜெயசுதாவைப் படிக்கவைத்த பிறகே சரி என்றாள். முழு வண்டியையும் வாங்கி, கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினுக்கு மட்டும் எதற்கு முழுக் கார் என்று அக்கம்பக்கம் கேட்டார்கள். சின்னச் சின்ன கிளாம்பு முதல் வயர் வரை எது எங்கே இருந்தது என்று பார்த்துப் பார்த்துப் பூட்ட வேண்டும், மாதிரி கண் முன்னால் நிற்கட்டும் என்றாள்.

செயின் கப்பி போட்டுப் பழைய இன்ஜினைத் தூக்கிய பிறகு, காரின் முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அதைச் சுரண்டி, கழுவி, பெயிண்ட் அடித்தாள். புது இன்ஜின் உட்கார வேண்டிய தாங்கிகள் இந்தக் காரில் வேறு இடத்தில் இருந்தன. அட்டையில் அச்சு வெட்டி, வைத்துப் பார்த்து, திருத்தி, பிறகுதான் இரும்பில் வெட்டினாள். கியர் கம்பி வருவதற்குத் தரையில் துளை போட வேண்டும். அந்தத் தகட்டில் கட்டிங் வீலை வைக்கும் முன் அவள் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை வீரமணி பார்த்தான். மற்றதை எல்லாம் கழற்றினால் பழையபடி பூட்டிவிடலாம். அடுத்தவர் காரின் தகட்டை வெட்டிவிட்டால் திரும்ப வழியில்லை. வெட்டலாமா என்று அவனிடம் கேட்டாள். நீ வெட்டுவ என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் லாரிக்குப் போனான். வெட்டினாள்.

புது கியர்பாக்ஸ் பழையதைவிட நீளம். அதனால், சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீண்ட ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டியிருந்தது. அதை அரியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற அரியமுத்துவிடம் கொண்டுபோனாள். அவர் அளந்து, வெட்டி, பற்றவைத்து, சுழலவிட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் முத்துசாமிக்கும் அவளுக்கும் போனில் முட்டிக்கொண்டது. முன்சக்கரங்களுக்கும் வாங்கிய காரிலிருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துப் போட வேண்டும் என்றாள். அவர் பழைய பிரேக்கே நன்றாகத்தான் பிடிக்கிறது, நான் இன்ஜினைத்தானே கேட்டேன் என்றார். வெற்றிச்செல்வி குரலை உயர்த்தவில்லை. ஓடுகிற வேகத்தைக் கூட்டிவிட்டு நிற்கிற பலத்தைக் கூட்டாமல் வண்டியை வெளியே விட மாட்டேன், வேண்டாமென்றால் வேறு ஷெட் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தோப்பில் வேலை செய்கிறவர்கள் யாரும் முத்துசாமியிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஜெயசுதா கூப்பிட்டு, அப்பா பிரேக்கும் போடச் சொல்லிவிட்டார் என்றாள்.

இன்ஜினை முதன்முதலில் உயிர்ப்பித்த நாளில் ஷெட்டுக்கு முன் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. சத்தம் அடங்கி, தையல் மிஷின் மாதிரி சீராக ஓடத் தொடங்கியதும் பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ கொடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து இன்ஜின் எண்ணைச் சரிபார்த்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, ஓட்டிப் பார்த்துத் திருப்தியோடு போனார். ஆர்.சி.யில் புது எண் ஏறியது. ஜெயசுதா ஐந்து கியரையும் மாற்றி மாற்றிப் போட்டு அரியலூர் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, இறங்க மனமில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வெற்றிச்செல்விக்கு அந்த வாரம் முழுவதும் தரையில் கால் பாவவில்லை. கார்க்காரர்கள் வந்து விசாரித்தார்கள். ஜீப் வைத்திருந்த ஒருவர் அடுத்தது என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் ஜெயசுதா போன் செய்தாள். கார் பிரமாதமாக ஓடுகிறது, குறையே இல்லை என்றாள். ஆனால் அப்பா மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார், உடம்பு தேறிவிட்டது என்கிறார், நடையைப் பார்த்தால் தேறின மாதிரி தெரியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஜெயசுதா சொல்ல வந்தது அப்பாவின் பிடிவாதத்தைப் பற்றி. வெற்றிச்செல்விக்கு மட்டும் சுருக்கென்றது. காரைக் கொடுத்த பிறகுதான் அவர் வர மறுக்கிறார்.

மறுநாள் ஷெட்டைப் பூட்டிவிட்டு, லாரிக்கு லீவு போட்ட வீரமணியோடு பைக்கில் உடையார்பாளையம் போனாள். முத்துசாமி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அருமையா இருக்குது என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் வீரமணியை ஓட்டச் சொன்னாள். ஜெயசுதாவையும் கூட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி, முத்துசாமி உட்கார்கிற அதே மூலையில், அவரைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் புரிந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய உதறல் எழுந்து முதுகுத்தண்டு வழியாக ஏறியது. நல்ல உடம்புக்கு அது ஒரு கூச்சம் மாதிரி. இரும்பு வைத்துத் தைத்த இடுப்புக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஜெயசுதாவும் கையை சீட்டில் ஊன்றிப் பார்த்தாள். ஓட்டுகிற இடத்தில் இது துளிகூடத் தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏறி, பட்டை ஸ்பிரிங் தாழ்ந்தால்தான் இந்த உதறல் வருகிறது. பின்சீட்டுக்காரருக்காகவே செய்த காரை அவள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தாள். ஒருமுறைகூடப் பின்னால் உட்கார்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து முத்துசாமி முன்னால் நின்றாள்.

"வண்டி உதறுதுங்கய்யா. ஏன் சொல்லல?"

அவர் நீட்டிய காலைத் தடவிக்கொண்டார். "அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்க. மொத வேலை. உங்கிட்ட வந்து எப்படிம்மா கொற சொல்றது."

"சொல்லாம இருந்தாத்தாங்க எனக்குக் கொற" என்றாள் வெற்றிச்செல்வி. இப்போதே காரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிறவளை நிறுத்தி, வீட்டுக்குள் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். பரிமாறியது ஜெயசுதா, பக்கத்திலேயே நாற்காலியைப் போடச்சொல்லி உட்கார்ந்து, வெற்றிச்செல்வியின் அப்பாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர் முத்துசாமி.

ஷாஃப்ட் வெட்டினதில்தான் தப்பு இருக்கும் என்று அவளுக்கு முதலில் தோன்றியது. கழற்றி அரியமுத்துவிடம் கொண்டுபோனாள். அவர் முகம் சுளிக்காமல் மறுபடி சுழலவிட்டுக் காட்டினார். நூல் பிசகவில்லை. அப்படியென்றால் தப்பு தன்னுடையதுதான் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்சீட்டில் மூட்டைகளை ஏற்றி, வண்டியைத் தாழவைத்து, அடியில் படுத்து அளந்தாள். கியர்பாக்ஸின் வாலைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை அவள் ஒரு விரல்கடை தாழ்த்திப் பற்றவைத்திருந்தாள். வெறும் வண்டியில் அது பொருந்திப்போனது. பின்னால் பாரம் ஏறினால் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளும் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று இழுத்தன.

ஒரு ரப்பர் துண்டை வைத்து உதறலைக் கொஞ்சம் அமுக்கிவிடலாம். அதைச் செய்தாலும் கேட்க ஆள் இல்லை. வெற்றிச்செல்வி கியர்பாக்ஸை இறக்கினாள், தான் பற்றவைத்த சட்டத்தைத் தானே வெட்டி எறிந்தாள், புதிதாகச் செய்தாள். இந்தத் தடவை பின்சீட்டில் பாரத்தை வைத்தபடியே அளந்து பூட்டினாள். சாலையில் போகிறவர்கள், கொடுத்த கார் திரும்ப வந்து அக்கக்காகக் கிடப்பதைப் பார்த்தார்கள். ஜீப்காரரும் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் எல்லாம், நான் செஞ்சதுல தப்பு, சரிபண்றேன் என்றாள். அதை அப்படிச் சொல்ல வேண்டுமா என்று வீரமணிக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஜீப்காரர் அப்படியே கிளம்பிப் போனார். அவர் இனி வர மாட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

வேலை முடிந்ததும் வெற்றிச்செல்வி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வீரமணி பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஓட்டினான். மெதுவாக, வேகமாக, மேட்டில், பள்ளத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அரியலூர் வந்ததும் திரும்பு என்று மட்டும் சொன்னாள். பாதி வழியில் அவன் கண்ணாடியில் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். என்ன செல்வி என்று கேட்டான். உதறல் ஒண்ணுமே தெரியலங்க, சுத்தமா தெரியல என்றாள்.

மறுவாரம் முத்துசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். போகும் வழியில் ஷெட் வாசலில் காரை நிறுத்தச்சொல்லி, கண்ணாடியை இறக்கி, நல்லா தூங்கிட்டு வந்தேம்மா என்றார். ஆறேழு மாதத்தில் அவர் ஊன்றுகோலோடு தோப்பு வரைக்கும் நடக்கத் தொடங்கினார். ஜீப்காரரும் வந்தார். தப்பை ஒத்துக்கொள்கிற மெக்கானிக்கை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இன்று அவள் ஷெட்டில் இன்ஜின் மாற்றுவதற்கு என்றே தஞ்சாவூர், விருத்தாசலம் பக்கமிருந்தெல்லாம் பழைய வண்டிகள் வருகின்றன. எந்த வண்டியாக இருந்தாலும் கொடுக்கும் முன் எல்லா சீட்டிலும் அவள் உட்கார்ந்து பார்த்துவிடுகிறாள்.

பங்குனியில் திருமழபாடி நந்தி கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று முத்துசாமி ஆசைப்பட்டார். விழுந்ததிலிருந்து அவர் எந்தத் திருவிழாவுக்கும் போனதில்லை. வெற்றிச்செல்வியும் வந்தால்தான் ஆயிற்று என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் முன்சீட்டில் ஜெயசுதா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கொள்ளிடக் கரையில் கார்களை நிறுத்துகிற திடலில் வண்டி நின்றதும், ஜெயசுதா அப்பாவை இறக்கி, கைத்தாங்கலாகக் கூட்டத்துக்குள் அழைத்துப்போனாள். நாதஸ்வரச் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வியும் பின்னாலேயே இரண்டடி வைத்தாள்.

பக்கத்தில் ஒரு வேன் கிளம்பாமல் கறகறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே பெண்டு பிள்ளைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினான்.

"தம்பி, விடுங்க. பேட்டரியை எறக்கிப்புடுவீங்க" என்றாள் அவள். பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வேனின் முன்மூடியைத் திறக்கச் சொன்னாள்.